கருவுற்ற காலத்தில் தூக்க மாத்திரை

கருவுற்ற பெண்ணுக்குத் தூக்க மருந்தோ மனப் பதற்றம் தணிக்கும் மருந்தோ எழுதும் மருத்துவர், ஒரே சீட்டில் இரண்டு உடல்களுக்கு மருந்து எழுதுகிறார். கொழுப்பில் எளிதில் கரையும் சிறிய மூலக்கூறுகளே மூளைக்குள் நுழைந்து தூக்கத்தைத் தர முடியும். அதே தன்மை உள்ள மூலக்கூறு நஞ்சுக்கொடியையும் எளிதாகக் கடந்துவிடும். எனவே, தாயை மட்டும் தூங்கவைத்துக் கருவைத் தொடாமல் விடும் மருந்து நடைமுறையில் கிடையாது. எந்த மருந்து, கர்ப்பத்தின் எந்த வாரம், என்ன அளவு, எத்தனை நாள், எதற்காக என்று கேட்டு விடை தெரிந்துகொண்ட பிறகே பாதுகாப்பைப் பற்றிப் பேச முடியும். இவற்றைக் கேட்காமல் ‘ஒன்றும் செய்யாது, போடு’ என்பதும் கேடு. ‘தொடவே கூடாது, இன்றே நிறுத்து’ என்பதும் கேடு.

இப்படிக் கேட்க வேண்டும் என்று மருத்துவ உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே ஒரு தூக்க மாத்திரைதான். மேற்கு ஜெர்மனியின் கெமி குருனெந்தால் நிறுவனம் 1957 அக்டோபர் 1 அன்று தாலிடோமைடை ‘கான்டெர்கான்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று தூக்கத்துக்குப் பெரிதும் பயன்பட்டவை பார்பிட்யூரேட் வகை மருந்துகள். அளவு மீறினால் மூச்சு நின்று உயிர் போகும். தாலிடோமைடை எலிகளுக்கு எவ்வளவு கொடுத்துப் பார்த்தும் அவை சாகவில்லை. இதைச் சொல்லியே அந்த மாத்திரை நஞ்சற்றது என்று விளம்பரம் செய்தார்கள். மருந்துச் சீட்டு இல்லாமலே அது கடையில் கிடைத்தது. மசக்கை வாந்திக்கும் அதைச் சாப்பிட்டார்கள். பிரிட்டனில் 1958 முதல் ‘டிஸ்டாவல்’ என்ற பெயரில் விற்றவர்கள், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அச்சமின்றிச் சாப்பிடலாம் என்றே அச்சிட்டார்கள். கருவின் மேல் அதன் விளைவை யாரும் முறையாகச் சோதித்திருக்கவில்லை.

அந்த மாத்திரை செய்த சேதத்தில் நாள் கணக்கு முக்கியம். கருத்தரித்த 20-ஆம் நாளிலிருந்து ஏறக்குறைய 36-ஆம் நாள் வரைதான் அதன் ஆபத்து எல்லை. அந்தக் காலத்தின் தொடக்கத்தில் சாப்பிட்டால் காதும் முக நரம்புகளும் பாதிக்கப்பட்டன. சில நாள் தள்ளிச் சாப்பிட்டால் கைகள். இன்னும் சில நாள் தள்ளினால் கால்கள். தோளிலிருந்து நேராக விரல்கள் முளைத்தது போன்ற கைகளுடன் குழந்தைகள் பிறந்தன. இதயமும் குடலும் சிதைந்து பிறந்தவையும் உண்டு. ஒரே ஒரு மாத்திரை சாப்பிட்ட தாய்மார்களுக்கும் இப்படி நேர்ந்தது. மாதவிலக்குத் தள்ளிப் போகிறதே என்று பெண் எண்ணத் தொடங்கும் நாட்களும், மசக்கை ஆரம்பிக்கும் நாட்களும் இவைதாம். 46 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கு. அவர்களில் பலர் பிறந்த சில மாதங்களிலேயே இறந்துபோனார்கள். கலைந்துபோன கருக்கள் இந்தக் கணக்கில் இல்லை.

ஹாம்பர்க் நகரின் குழந்தை மருத்துவர் விடுகிண்ட் லென்ஸ், இப்படிப் பிறந்த குழந்தைகளின் வீடுகளுக்கே போய்த் தாய்மார்களிடம் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார். 1961 நவம்பரில் அவர் எச்சரித்த பிறகு, அந்த மாத இறுதியில் மாத்திரை ஜெர்மனியில் திரும்பப் பெறப்பட்டது. இதே ஐயத்தை எழுப்பி ஆஸ்திரேலிய மகப்பேறு மருத்துவர் வில்லியம் மெக்பிரைடு எழுதிய கடிதம் டிசம்பரில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. நான்கு ஆண்டுகள் அந்த மாத்திரை தடையின்றி விற்றிருந்தது.

அமெரிக்காவில் அது விற்பனைக்கு வராமல் போனதற்குக் காரணம், உணவு மருந்து நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பிரான்சிஸ் கெல்சி. 1960 செப்டம்பரில் ரிச்சர்ட்சன்-மெரல் நிறுவனத்தின் விண்ணப்பம் அவர் மேசைக்கு வந்தது. தரவு போதாது என்று திருப்பினார். நிறுவனம் மறுபடி மறுபடி நெருக்கியது. தாலிடோமைடை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குக் கை கால் மரத்துப் போவதாக ஒரு பிரிட்டிஷ் மருத்துவர் 1960-இன் கடைசி நாளில் மருத்துவ இதழொன்றில் எழுதிய சிறு கடிதம் கெல்சியின் கண்ணில் பட்டது. வளர்ந்தவரின் நரம்பையே கெடுக்கும் மருந்து, வளர்ந்துகொண்டிருக்கும் கருவை என்ன செய்யும் என்று அவர் கேட்டார். கர்ப்பத்தில் பாதுகாப்பானது என்பதற்குச் சான்று கொடுங்கள் என்றார். அவர்களிடம் சான்று இல்லை. கெல்சி கேட்ட கேள்விக்கு ஆய்வுக்கூடமோ கருவியோ தேவைப்படவில்லை; ஒரு மருந்தைப் பற்றி எவரும் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. மற்ற நாடுகளில் அதைக் கேட்கும் இடத்தில் இருந்தவர்கள் கேட்காமல் விட்டதுதான் இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் பகுதி. புதிய மருந்து விற்பனைக்கு வருமுன் அது பயன் தரும் என்பதையும் நிறுவ வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 1962-இல் அமெரிக்காவில் வந்தது.

தாலிடோமைடு உடலில் எதைப் பற்றுகிறது என்பது 2010-இல்தான் தெரிந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் செரிப்ளான் என்ற புரதத்தை அடையாளம் கண்டார்கள். எலியிடம் உள்ள செரிப்ளான் மனிதரிடம் உள்ளதிலிருந்து சிறிது வேறுபட்டது. எலிகளின் கருக்கள் இந்தச் சேதத்திலிருந்து தப்பித்ததற்கு அந்தச் சிறு வேறுபாடு ஒரு காரணம். தொழுநோயில் வரும் கடும் அழற்சிக்கும் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கும் தாலிடோமைடு இன்றும் பயன்படுகிறது. கருவுறும் வயதுப் பெண்களுக்குக் கர்ப்பச் சோதனையும் கட்டாயக் கருத்தடையும் அதற்கு நிபந்தனைகள்.

தாலிடோமைடு விட்டுச்சென்ற அச்சம் வேறொரு திசையிலும் சேதம் செய்தது. டாக்சிலமைன் என்ற தூக்கம் தரும் ஒவ்வாமை மருந்தையும் வைட்டமின் பி6-ஐயும் சேர்த்து மசக்கைக்காகச் செய்த மாத்திரை ‘பென்டெக்டின்’. 1956 முதல் அமெரிக்காவில் விற்றது. தாலிடோமைடை அங்கே விற்க முயன்ற அதே நிறுவனத்தின் தயாரிப்பு. பிறவிக் குறைகளுக்கு இதுவும் காரணம் என்று வழக்குகள் குவிந்தன. ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதற்கு ஆதாரம் இல்லை என்றே காட்டின. ஆயினும் வழக்குச் செலவு தாங்காமல் 1983-இல் நிறுவனம் மாத்திரையை நிறுத்திவிட்டது. அதன் பிறகு பிறவிக் குறைகள் குறையவில்லை. கடும் வாந்தியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கர்ப்பிணிகளின் எண்ணிக்கைதான் கூடியது. அதே சேர்க்கை 2013-இல் புதிய பெயரில் அமெரிக்காவில் மீண்டும் அனுமதி பெற்றது. இந்தியாவில் மசக்கைக்கு இன்று பரவலாக எழுதப்படுவதும் இதுவே. கருவின் மேல் உள்ள விளைவு இவ்வளவு விரிவாக ஆராயப்பட்ட மருந்துகள் மிகச் சில.

இன்று தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் அதிகம் எழுதப்படுபவை பென்சோடயசிபைன் வகை மருந்துகள். ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தின் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டறிந்த குளோர்டயசிபாக்சைடு 1960-இலும், டயசிபாம் 1963-இலும் சந்தைக்கு வந்தன. அல்பிரசோலம், குளோனசிபாம், லோரசிபாம் ஆகியவை பின்னர் வந்த உறவுகள். இவை தாலிடோமைடு போன்றவை அல்ல என்பதை முதலில் அழுத்திச் சொல்ல வேண்டும். அறியாமல் முதல் வாரங்களில் சில மாத்திரைகள் சாப்பிட்டுவிட்ட பெண், அந்தப் பயத்திலேயே கருவைக் கலைக்க வேண்டியதில்லை.

1970-களில் வந்த சில ஆய்வுகள், டயசிபாம் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளிடம் உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் கூடுவதாகக் கூறின. 1998-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது முடிவு இரண்டாகப் பிரிந்தது. தாய்மாரை முன்கூட்டியே பதிந்து பின்தொடர்ந்த ஆய்வுகளில் தொடர்பு தெரியவில்லை. குறையோடு பிறந்த குழந்தைகளிலிருந்து பின்னோக்கிப் போன ஆய்வுகளில் ஆபத்து ஏறக்குறைய 1.8 மடங்கு தெரிந்தது. குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய், தான் சாப்பிட்ட ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துப் பார்த்திருப்பார். நலமான குழந்தையைப் பெற்றவர் மறந்திருப்பார். பின்னோக்கிய ஆய்வுகளின் தீராத பலவீனம் இது. அந்த 1.8 மடங்கு உண்மை என்றே கொண்டாலும், பிளவு என்பது சுமார் ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வருவது; அது ஆயிரத்தில் இரண்டை எட்டாது.

தென்கொரியாவில் சுமார் 31 லட்சம் கர்ப்பங்களின் பதிவுகளை அலசி 2022-இல் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. முதல் மூன்று மாதங்களில் பென்சோடயசிபைன் எடுத்தவர்களிடம் பிறவிக் குறைகள் 9 சதவீதமும், இதயக் குறைகள் 15 சதவீதமும் கூடுதல். கேட்கும்போது பெரிதாகத் தெரியும். எந்த மருந்தும் எடுக்காத தாய்மாரிடத்திலும் நூற்றில் மூன்று குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆயிரத்துக்கு 30 என்று வைத்தால், 9 சதவீதம் கூடி ஏறக்குறைய 33 ஆகிறது. கர்ப்பிணியிடம் சொல்ல வேண்டியது இந்த எண்ணை. சதவீதத்தை மட்டும் சொல்லி அனுப்புவது அவரை மிரட்டுவதற்குச் சமம். கருச்சிதைவு பற்றிய ஐயம் இதைவிடக் கனமானது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் இவற்றை எடுத்தவர்களிடம் கருச்சிதைவு வாய்ப்பு ஏறக்குறைய 1.85 மடங்கு இருந்தது. மருந்து எடுக்கக் காரணமான கடும் பதற்றத்தின் பங்கு எவ்வளவு, மருந்தின் பங்கு எவ்வளவு என்று முழுதாகப் பிரிக்க முடியாது. ஆனால் தேவையில்லாமல் எழுதாதிருக்க இது போதுமான காரணம்.

பென்சோடயசிபைனின் ஐயத்துக்கு இடமில்லாத தீங்கு கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் இருக்கிறது. டயசிபாம் நஞ்சுக்கொடியைக் கடந்து, தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடக் கூடுதல் செறிவில் சிசுவின் ரத்தத்தில் தங்கும். வளர்ந்தவர் உடலிலேயே அதன் பாதி வெளியேற ஒன்றிரண்டு நாள் ஆகும். அது சிதைந்து உண்டாகும் பொருளும் தூக்கம் தருவதே. அதன் பாதி வெளியேற நான்கு நாள் வரை ஆகலாம். பிறந்த சிசுவின் கல்லீரலுக்கு இவற்றை வெளியேற்றும் திறன் இன்னும் வந்திருக்காது. பிரசவத்துக்கு முந்தைய 15 மணி நேரத்தில் தாய்க்கு 30 மில்லிகிராமுக்கு மேல் டயசிபாம் கொடுத்திருந்தால் குழந்தை எப்படி இருக்கும் என்பது 1973-லேயே பதிவாகிவிட்டது. கையில் தூக்கினால் தலையும் கைகால்களும் துவண்டு தொங்கும். மார்பில் வைத்தால் காம்பை வாயில் வாங்கும், பிறகு சப்பாது. அழுகை ஈனமாக இருக்கும். உடம்பு சில்லிட்டுப் போகும். போர்த்தினாலும் சூடு ஏறத் தாமதமாகும். இடையிடையே மூச்சு நிற்கும். பால் குடிக்காததால் சர்க்கரை குறைந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

தாய் பல மாதங்கள் தொடர்ந்து சாப்பிட்டிருந்தால் வேறொன்று நடக்கும். தொப்புள்கொடி வெட்டப்பட்டதும் குழந்தைக்கு மருந்து நின்றுபோகிறது. சில நாட்களில் நடுக்கம், ஓயாத அழுகை, விறைப்பு, வாந்தி தொடங்கும். சில குழந்தைகளுக்கு இது வாரக்கணக்கில் நீடிக்கும். பிரசவ அறையில் இருக்கும் மருத்துவருக்கும் செவிலியருக்கும் தாய் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பது தெரிந்திருந்தால் இவை இரண்டுமே சமாளிக்கக்கூடியவை. தெரியாதபோது கிருமித் தொற்று என்றோ மூளைப் பாதிப்பு என்றோ தேடிக்கொண்டிருப்பார்கள். பல குடும்பங்களில் பெண் மனநல மருத்துவரிடம் போவதையே மாமியார் வீட்டுக்குச் சொல்வதில்லை. மகப்பேறு மருத்துவரிடமும் அது மறைக்கப்படுகிறது. மருந்தைவிட இந்த மறைப்பு அதிக ஆபத்தானது.

மறுபக்கம், கர்ப்பம் உறுதியானதும் வீட்டார் சொல்லியோ தானாகவோ எல்லா மாத்திரைகளையும் ஒரே நாளில் தூக்கிப்போடும் பெண்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் பென்சோடயசிபைன் எடுத்த உடல் அதற்குப் பழகியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், பதற்றம் பழையதைவிடக் கூடும், சிலருக்கு வலிப்பு வரும். வலிப்புநோய்க்காகக் குளோபசாமோ பீனோபார்பிட்டலோ எடுப்பவர் நிறுத்தினால் ஆபத்து இன்னும் பெரிது. வயிற்றில் குழந்தையோடு வலிப்பு வந்து விழுவது அந்த மாத்திரைகளைவிட மோசம். சில வாரங்களில் படிப்படியாகக் குறைப்பதே முறை. மருந்து தேவைப்பட்டே தீரும் என்றால், உடலில் குறைவாகத் தேங்கும் லோரசிபாம் போன்ற ஒன்றை மிகக் குறைந்த அளவில், சில நாட்களுக்கு மட்டும் கொடுப்பது வழக்கம். நீண்ட காலப் பதற்றத்துக்குப் பேச்சுச் சிகிச்சையும், வேண்டுமானால் செர்ட்ராலின் போன்ற மருந்தும் முதலில் வருகின்றன.

அமைதியூட்டும் மருந்துகள் உயிர்காக்கும் என்று நம்பப்பட்ட ஓர் இடம் உண்டு: பேறுகால வலிப்பு. இதில் சென்னைக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. சென்னையில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர் எம்.கே. கிருஷ்ண மேனன், குளோர்புரோமசின், புரோமெத்தசின், பெத்திடின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் முறையில் தம் அனுபவத்தை 1961-இல் வெளியிட்டார். தாய்மாரை ஆழ்ந்த அமைதியில் வைத்து வலிப்பை அடக்கும் அந்தச் சிகிச்சை பல்லாண்டுகள் பல நாடுகளில் கையாளப்பட்டது. வேறு இடங்களில் டயசிபாம் ஊசி. 1995-இல் இந்தியா உட்படப் பல நாடுகளில் 1,687 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. மெக்னீசியம் சல்பேட் பெற்றவர்களுக்கு மறுபடி வலிப்பு வருவது டயசிபாம் பெற்றவர்களைவிட 52 சதவீதமும், ஃபெனிட்டாய்ன் என்ற வலிப்பு மருந்தைப் பெற்றவர்களைவிட 67 சதவீதமும் குறைந்தது. விலை மலிவான, காப்புரிமை இல்லாத ஓர் உப்பு, பல்லாண்டு வழக்கத்தை மாற்றியது. கர்ப்பிணிகளைச் சேர்த்து முறையாக ஆய்வு நடத்தலாம், நடத்தினால் உயிர்கள் பிழைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனாலும் புதிய மருந்துகளின் ஆய்வுகளில் கர்ப்பிணிகளை ஒதுக்குவதே பெரும்பாலும் நடக்கிறது. அதனால் சந்தைக்கு வந்த பிறகு ஒவ்வொரு கர்ப்பிணியும் பதிவில்லாத ஒரு சோதனைக்கு உள்ளாகிறார்.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோல்பிடெம் என்ற தூக்க மருந்து பிறவிக் குறையை உண்டாக்குவதாகத் தெளிவான சான்று இல்லை; ஆனால் குறைப்பிரசவமும் குறைந்த எடையும் கூடுவதாக 2010-இல் தைவான் பதிவுகளில் தெரிந்தது. பார்பிட்யூரேட்டுகளைத் தூக்கத்துக்காகக் கர்ப்பத்தில் எழுத எந்தக் காரணமும் இல்லை. மெலட்டோனினுக்குக் கர்ப்பகாலத் தரவு போதாது. ‘இயற்கை’ என்று விற்கப்படும் அமுக்கராவும் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியதே.

மருந்துகளை ஏ, பி, சி, டி, எக்ஸ் என்று எழுத்துகளால் தரம் பிரிக்கும் அமெரிக்க முறை 1979-இல் வந்தது. சி-யைவிட டி கெட்டது என்று எல்லோரும் படித்தார்கள். உண்மையில் தரவே இல்லாத மருந்து சி-யிலும், நன்கு ஆராய்ந்து சிறு ஆபத்து தெரிந்த மருந்து டி-யிலும் இருக்க முடிந்தது. 2015-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எழுத்துகளைக் கைவிட்டு, ஆபத்தை வாக்கியங்களில் விளக்கச் சொன்னது. இணையத்தில் தேடிப் பழைய எழுத்தைப் பார்த்துப் பதறுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, ஏன் தூக்கம் வரவில்லை என்பது. நெஞ்செரிச்சல், இடுப்பு வலி, அடிக்கடி சிறுநீர் ஆகியவற்றுக்குத் தனித்தனி மருத்துவம் உண்டு. படுத்ததும் கால் உளைந்து, உதறிக்கொண்டே இருக்க வேண்டும் போலத் தோன்றும் நோய் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. இரும்புச்சத்துக் குறைவு அதற்கு முக்கியக் காரணம். இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்படிப்பட்ட நாட்டில், தூங்கவில்லை என்று வரும் கர்ப்பிணிக்குத் தூக்க மாத்திரை எழுதுமுன் ரத்தத்தில் இரும்பு பார்க்காதது பெரும் பிழை. விடியற்காலையில் விழித்து அழும் பெண்ணுக்கு மனச்சோர்வு இருக்கலாம். இரவில் வீட்டில் அடி வாங்குகிற பெண்ணுக்கும் தூக்கம் வராது. அதற்கு மாத்திரை எழுதுவது அவரை மேலும் தற்காப்பு இல்லாதவராக்கும். தனியே இருக்கும்போது கேட்டால்தான் இது வெளியே வரும். தூக்கமின்மைக்கான பேச்சுச் சிகிச்சை கர்ப்பத்திலும் பலன் தருகிறது. அது எளிதில் கிடைக்காததால்தான் மாத்திரை முந்திக்கொள்கிறது.

அல்பிரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் ஆகியவை இந்தியாவில் 2014 மார்ச் முதல் எச்1 அட்டவணையில் இருக்கின்றன. மருந்துக்கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டி, அட்டையிலிருந்து நான்கு மாத்திரைகளைக் கத்தரித்து வாங்கிப் போகும் வழக்கம் இதை வெறும் காகிதச் சட்டமாக்குகிறது. கத்தரித்த துண்டில் மருந்தின் பெயரும் இருக்காது, சிவப்பு எச்சரிக்கையும் இருக்காது. பல நேரம் வாங்க வருபவர் கணவரோ தம்பியோ. சாப்பிடப் போகிறவர் கருவுற்றிருக்கிறார் என்பது கடைக்காரருக்குத் தெரிய வழியே இல்லை. கருவுறும் வயதுப் பெண்ணுக்கு இந்த மருந்தை எழுதும்போதே, நாள் தள்ளினால் வந்து பாருங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம் என்று சீட்டிலேயே தமிழில் எழுதிக்கொடுக்க மருத்துவருக்கு ஒரு நிமிடம் போதும்.

பிரசவத்துக்குப் பிறகும் கவனம் தேவை. டயசிபாம் தாய்ப்பாலில் வந்து குழந்தையிடம் தேங்கும். நீண்ட நாள் எடுத்தால் குழந்தை மந்தமாகி எடை கூடாமல் போகலாம். லோரசிபாம் பாலில் மிகக் குறைவாகவே வருகிறது. குறைந்த அளவில் சில நாள் எடுப்பவர் பாலூட்டலாம், குழந்தை வழக்கத்தைவிட அதிகம் தூங்குகிறதா, பாலுக்கு எழுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். நம் வீடுகளில் குழந்தை தாயின் அணைப்பில், ஒரே பாயில்தான் தூங்கும். தூக்க மருந்து எடுத்த இரவில் தாய் புரண்டு படுத்தாலும் உணரமாட்டார். அந்த இரவுகளில் குழந்தையைத் தொட்டிலில் போட வேண்டும். பாட்டியோ கணவரோ பக்கத்தில் இருந்து, பாலுக்கு அழும்போது தாயை எழுப்பி உட்காரவைத்துக் கொடுக்கச் செய்து, குடித்ததும் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.